கட்டிலிலிருந்து வந்த பதில்

நோயாளிகளைச் சந்திப்பது எப்படி என்று, போதகர்களாகப் போகிற உங்களுக்குக் கல்லூரியில் வகுப்பு எடுத்திருப்பார்கள். கட்டிலின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், பைபிளில் எந்தச் சங்கீதத்தை வாசிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். நல்ல பாடம்தான். நானும் படித்தேன். முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி மறந்துபோயிற்று. உங்களுக்கும் மறக்கும், கவலைப்படாதீர்கள்.

அதனால் முறைகளை விட்டுவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் நம்முடைய சபையில் நான் போதகராக இருந்தபோது ஒரு வீட்டில், ஒரு மத்தியானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையின் கடைசியில் யாரும் அற்புதமாகச் சுகமாகிப் படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கப்போவதில்லை. உங்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை போனில் பிடித்துப் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திங்கட்கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்படிப் போடுவதற்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், இவருடைய பாடத்தில்தானே பரீட்சையில் தடுக்கி விழுந்தோம் என்று உங்களில் யாராவது பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவீர்கள். சபையில் எல்லோருக்கும் அவர் புரொபசர். நாஞ்சில் நாட்டுக்காரர். குருப்பட்டம் பெற்றவர்தான், ஆனால் தலை நரைக்கும்வரை இறையியல் கல்லூரியில் பாடம் சொல்வதிலேயே காலத்தைக் கழித்தவர். அவருடைய பாடம் உண்மையில் ஒன்றுதான், அதையே பல விதமாகச் சொல்வார். விசுவாசம் நம் நெஞ்சுக்குள் தானாக ஊறுவது இல்லை. வெளியிலிருந்து ஒரு வார்த்தை வந்து நம்மைப் பிடிக்கிறது. நம் பிடி தளர்ந்தாலும் அதன் பிடி தளராது. லுத்தரன் இறையியல் முழுவதையும் இந்த மூன்று வாக்கியத்தில் அடக்கிவிட்டு, மிச்ச நேரத்துக்குக் காப்பி குடிக்கப் போகலாம் என்பார்.

பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் சாலை விபத்தில் போனான். அவனை அடக்கம் பண்ணிய அதே வாரம் இவர் வகுப்புக்குப் போய் நின்றார். பிறகு சபை அரசியலில் ஒரு கட்சிக்குக் கையெழுத்துப் போட மறுத்ததற்காக வேலையும் போயிற்று. சர்க்கரை வியாதியில் ஒரு கண் மங்கியது. இவ்வளவுக்கும் பிறகு மனைவியோடு திருவனந்தபுரத்துக்கு வந்து, வலியசாலை அக்கிரகாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். வழி சொல்லும்போது ஐயர் வீடு என்று கேட்காதீர்கள், இங்கே வீட்டுக்கு வீடு ஐயர்தான், மத்தியானம் முழுக்கச் சுற்றிவிட்டு மோர் குடித்துத் திரும்பிப் போவீர்கள் என்று என்னிடம் சிரிக்காமல் சொன்னார். நம் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதானே கூப்பிடுவார்கள். எனக்கு அந்த மோர் உண்மையாகவே இரண்டு தடவை கிடைத்தது.

அவருடைய மனைவி கிரேஸ் அம்மா. கணவர் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். அந்த அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் அலைந்தார்கள். கடைசியில் டாக்டர்கள், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலி இல்லாமல் வைத்துக்கொள்வதுதான் இனிச் செய்ய முடிந்தது என்று சொல்லி மார்பின் என்கிற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருந்த மகள் ஷீபா லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

ஒரு நாள் காலையில், இனிக் குணமாகாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் எனக்கு போன் பண்ணினார். மலையாளத்தில், பாதிரியாரைக் கூப்பிடுகிற மாதிரி அச்சோ என்று என்னைக் கூப்பிட்டுப் படபடவென்று பேசினார். கிரேஸ் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார், கெஞ்சிப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை, அந்த வலியை மனுஷர் தாங்க முடியாது அச்சோ, நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்றார். மகள் நர்ஸ் ஆயிற்றே, அவள் சொல்லவில்லையா என்று கேட்டேன். மகள்தான் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டாள் என்றார் அந்த சிஸ்டர்.

போனேன். வீட்டு வாசலில் தெரியாத செருப்புகள் கிடந்தன. உள்ளே கிரேஸ் அம்மா ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தார். தலையணையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பல வருஷம் சாவு வீடுகளுக்குப் போய் வந்தவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அறைக்குள் நிற்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெபக்குழுவின் பிரதர் நின்றார். ஷீபா மஸ்கட்டில் போய்க்கொண்டிருந்த கூட்டத்தின் வழியாக வந்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அந்த அம்மாவுக்காக அவரும் உபவாசம் இருந்து கண் குழிந்துபோயிருந்தார். அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்திருந்ததாம். இந்த வீட்டின் தலைவன் அறிக்கை செய்யாமல் மறைத்த ஒரு பாவம் இருக்கிறது, அதுதான் சுகத்தைத் தடுக்கிறது, அது வெளியே வரும்வரை மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம். ஷீபாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. மற்றவர்களின் அம்மாக்களுக்கு வேளை தவறாமல் மார்பின் கொடுத்த பெண், தன் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அம்மா செத்துப்போவாள் என்று நம்பினாள். அம்மாவை அவ்வளவு நேசித்தாள்.

கிரேஸ் அம்மாவின் பயம் வேறு. அதை அவரே என்னிடம் முனகலுக்கு நடுவே சொன்னார். தேவன் தன்னைத் தள்ளிவிட்டாரோ என்று பயந்தார். கணவருக்குள் விசுவாசம் செத்துப்போயிற்றோ, மகன் போன அன்றைக்கே செத்துப்போய், இத்தனை வருஷம் தெரியாமல் அந்த வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தோமோ என்று பயந்தார். அந்தப் பயத்தோடு அவர் சாகப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வலியும் பயமும் சேர்ந்து, இன்னும் எத்தனை நாளோ.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிரதரைப் பார்த்து வசனம் வசனமாக எடுத்துப்போட ஆரம்பித்தேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். புரொபசர் என் முழங்கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். முகத்தில் பல நாள் தாடி.

"தர்க்கம் பண்ணாதீங்க ஐயரே," என்றார். "நீங்க ஜெயிச்சிருவீங்க. அவளுக்கு வலிக்குது."

என்ன செய்யலாம் என்றேன். நான் அறிக்கை செய்கிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படிச் செய்தால் அந்த மனுஷனின் தரிசனம் சரி என்று நாமே ஒப்புக்கொண்டது ஆகாதா, நீங்கள் வாழ்நாளெல்லாம் எதற்கு எதிராகப் பாடம் சொன்னீர்களோ அதற்கே முத்திரை குத்துவதல்லவா என்று கேட்டேன். அவர் மங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம் இல்லாதவன் என்று எப்போது நான் சொன்னேன் என்று திருப்பிக் கேட்டார். அவர்கள் கேட்கிற மாதிரி வேண்டாம், நமக்கென்று ஒரு முறை இருக்கிறதே, அந்த முறையில் பண்ணுவோம் என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, யோசிக்க எனக்குக் கிடைத்த நேரம் அந்தக் கல்லிலிருந்து அடுக்களை வரைக்கும்தான். உபதேசத்தைக் காப்பதா, அந்த அம்மாவைக் காப்பதா என்று கேள்வி எனக்குள் எழுந்தது. உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஆராதனை அங்கியை எடுத்து, அடுக்களையில் நின்று போட்டுக்கொண்டேன். இது பிரதரின் கூட்டம் இல்லை, சபையின் ஆராதனை என்று அந்த அறைக்குள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

நம்முடைய தனிப் பாவ அறிக்கை முறையை நீங்கள் அநேகமாகப் பயன்படுத்தியிருக்கமாட்டீர்கள். நானும் அதுவரை ஓரிரு முறைதான். பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நான் பாவி என்று சொன்னால் போதும். அதன்பின் போதகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் சொல்லப்போகிற மன்னிப்பு தேவனே தருகிற மன்னிப்பு என்று நம்புகிறீர்களா? அவர் நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தலையில் கை வைத்து மன்னிப்பைக் கூற வேண்டும். அந்தக் கேள்வியை யாரும் ஒரு கேள்வியாகவே நினைப்பதில்லை. கல்யாணத்தில் சம்மதமா என்று கேட்கிற மாதிரி, பதில் தெரிந்த கேள்வி.

புரொபசர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலில் நின்றார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. அறிக்கையைத் தெளிவாகச் சொன்னார். பிரதர் காத்திருந்த அந்த ரகசியப் பாவம் எதுவும் அதில் வரவில்லை. நாம் எல்லோரும் சொல்கிறதைத்தான் சொன்னார். நான் கேள்வியைக் கேட்டேன்.

அவர் பேசவில்லை.

மூச்சு வாங்குகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். ஒரு வார்த்தை, அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை, வரவில்லை. சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சும்மா ஒப்புக்காவது சொல்லியிருக்கலாம், மனைவிக்காக. ஆனால் அந்த இடத்தில் ஒப்புக்குச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரதர் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். அவர் சொன்னதெல்லாம் நிரூபணமாகிக்கொண்டிருந்தது அல்லவா.

கேள்வியை மறுபடி கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். கேட்காததுபோல் தாண்டிப் போனால், அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது ஏமாற்று என்று தெரியும். நிறுத்திவிட்டால் கிரேஸ் அம்மாவின் கதி என்ன? என் கை அவர் தலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒன்றும் தோன்றாத நேரம் வரும்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. கிரேஸ் அம்மா தலையணையிலிருந்து வாயை எடுத்திருந்தார்.

"அவிய நம்புதாவ, ஐயரே," என்று கணவருக்காகப் பதில் சொன்னார். "சொல்ல வரல்ல, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். நீங்க கைய வையுங்க."

சற்று முன்வரை அதே மனுஷி, கணவருக்குள் விசுவாசம் செத்துவிட்டதோ என்று என்னிடம் அழுதவர். எங்கிருந்து அவருக்கு அது தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. முழங்காலில் நின்று, ஒரு பொய் சொல்ல முடியாமல் வாயடைத்துப்போன கணவரைப் பார்த்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

பிரதர் தடுத்தார். ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது, அது வசனத்துக்கு விரோதம் என்றார். அந்த மத்தியானத்தில் அவருக்கு நான் சொன்ன ஒரே பதில் இதுதான். எங்கள் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம், பிரதர். நம்புகிறாயா என்று குழந்தையிடம்தான் கேட்கிறோம். தூக்கி நிற்கிறவர்கள்தான் பதில் சொல்கிறார்கள். இந்தப் புரொபசருக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறது. சொல்லிவிட்டு, அவர் தலையில் கையை அழுத்தி வைத்து மன்னிப்பைக் கூறினேன். என் உள்ளங்கையின் கீழ் அவர் தலை ஆடிக்கொண்டிருந்தது.

கிரேஸ் அம்மா மகளைக் கூப்பிட்டார். "மக்களே, அந்த மாத்திரைய எடு. அப்பாவுக்கு ஆயாச்சு. இனி நான் முழுங்கலாம்."

ஷீபா பிரதரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். தண்ணீர் டம்ளரைப் பிடித்தபோது அவள் கை நர்ஸின் கையாக இருந்தது.

எந்த இறையியல் அங்கே ஜெயித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கணவனின் பாவம் போய்விட்டது, இனித் தடையில்லை என்றுதான் கிரேஸ் அம்மா நினைத்தாரா, அப்படியானால் பிரதரின் உபதேசத்தையே நான் அங்கி போட்டு நிறைவேற்றிக் கொடுத்தேனா? இருக்கலாம். மாத்திரை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. எனக்கு அது போதுமாக இருந்தது, இன்றைக்கும் போதுமாக இருக்கிறது.

கிரேஸ் அம்மா பிழைக்கவில்லை. மழை தொடங்குவதற்கு முன்பே போய்விட்டார். வலியில்லாமல் போனார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கடைசியில் மாத்திரைக்கும் அடங்காத வலி வந்தது. பயமில்லாமல் போனார். அதை மட்டும் சாட்சியாகச் சொல்ல முடியும். அடக்கத்துக்குப் பிரதர் வரவில்லை. ஷீபா கல்லறை மேட்டில் அப்பாவிடமிருந்து தள்ளி நின்றாள். நீங்கள் வாயைத் திறந்து நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் அம்மா இருந்திருப்பாள் என்று அன்று மாலை அவரிடம் சொல்லிவிட்டு, மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனாள். அதை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரொபசர் ஆராதனைக்கு வந்தார். நம்புகிறேன் என்று சபையாகச் சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார். வாய் அசையவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மாதங்கள் போயின, வருஷங்கள் போயின. எழுந்து நிற்பார், வாயை மூடிக்கொண்டு நிற்பார், உட்காருவார். பீடத்திலிருந்து பார்க்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும். சபைக் கமிட்டியில் ஒருவர் அதைக் கவனித்து என்னிடம் புகார் சொன்னார். இறையியல் பேராசிரியரே இப்படி நின்றால் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்றார். பிள்ளைகளைச் சபையில் முழுமையாகச் சேர்ப்பதற்கான திடப்படுத்தல் வகுப்பை எடுப்பதே அவர்தான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம், பிரமாணத்தை வரி வரியாகப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லிக்கொடுத்தார். சாலைக் கடைவீதியில் அவல் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்து, அவர்கள் தின்னத் தின்னச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் ஆராதனை முடிந்து, மழைக்கு ஒதுங்கி நின்றபோது நானே கேட்டேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை, இப்போதும் ஏன் சொல்வதில்லை என்று. நடிப்பில்லை, பிடிவாதமும் இல்லை என்றார். உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லை, மகன் போனதிலிருந்தே கிடைக்கவில்லை என்றார்.  அப்படியானால் எதை நம்பி ஞாயிறு தவறாமல் வருகிறீர்கள் என்றேன்.

"உள்ளே தேடாதேன்னுதானே இத்தனை வருஷம் பசங்களுக்குச் சொன்னேன்," என்றார். "வெளியிலிருந்துதான் வரும்னு. வந்துச்சே. அந்தக் கட்டில்லேர்ந்து. அவ சொன்னதை வச்சுக்கிட்டுத்தான் வாறேன் ஐயரே."

அசைக்க முடியாத விசுவாசம் என்று சாட்சிக் கூட்டங்களில் பேசுவார்கள். நான் கண்ட உறுதியான விசுவாசம் இதுதான். தன்னிடம் இல்லை என்று தெரிந்துகொண்டு, இன்னொருத்தி சொன்ன வார்த்தையில் ஏறி நின்றுகொண்டு, மழையிலும் குடை பிடித்து ஆராதனைக்கு வந்த மனுஷன். பிரசங்க மேடையில் நின்று என்னை நானே பார்த்து வெட்கப்பட்ட ஞாயிறுகள் பல உண்டு.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். கேட்காமல் விட்டால் அந்த மனுஷரை ஒரு சாமானாக நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். ஆனால் பதில் வரவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருக்காதீர்கள். அறையைச் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் புரொபசருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுவதும் போயிற்று. நாம் சொல்வது புரிகிறதா என்பதே டாக்டருக்குச் சந்தேகமாக இருந்தது. ஷீபா மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். அவள் நம் சபைக்கு வருவதில்லை, அப்போதும் ஏதோ ஒரு ஜெபக்கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் அப்பாவுக்கு அப்பமும் திராட்சரசமுமாக ராப்போஜனம் கொடுக்க வர வேண்டும் என்று எனக்கு போன் பண்ணியது அவள்தான்.

அதே அறை, அதே கட்டில். அங்கியைப் போட்டுக்கொண்டேன். அறிக்கையை அவருக்காக நானே மெதுவாகச் சொன்னேன். பிறகு குனிந்து, அவர் முகத்துக்கு நேரே அந்தக் கேள்வியைக் கேட்டேன். நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை.

நிமிர்ந்து ஷீபாவைப் பார்த்தேன். அவள் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் எதற்குப் பார்க்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"எனக்குத் தெரியல ஐயரே," என்றாள். "அப்பாக்குள்ள என்ன இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல? பொய் சொல்லமாட்டேன்."

சரி என்றேன். அவளும் அப்பாவின் மகள்தானே. தெருவில் கோவிலுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பொறுத்திருந்தேன். அவள் கட்டிலருகே வந்து, அப்பாவின் வாயோரம் வழிந்ததைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா அன்னைக்குச் சொன்னாங்கல்லே. அது போதாதா?"

போதும் என்று சொல்லிவிட்டு அவர் தலையில் கையை வைத்தேன்.